பழைய கலர் டிவி: காயில் போனால் கட்ட முடியுமா?

கேள்வி, 3 மே

குடியாத்தத்தில் பெரியப்பா வீட்டில் 20 இஞ்ச் கலர் டிவி ஒன்று இருக்கிறது. 1985-ல் வாங்கியது. மரப் பெட்டி, முன்னால் இழுத்து மூடுகிற ஷட்டர், நான்கு கால். படம் வருகிறது, ஒலி வருகிறது, கலர் மட்டும் இல்லை. பார்க்க வந்த மெக்கானிக் "காயில் போச்சு, இனிமே கிடைக்காது, எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்டென்சர் காயும், டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும், சரி. காயில் என்பது வெறும் செம்புக் கம்பி. அது எப்படிக் கெடும்? அவர் கதை விடுகிறார் என்றுதான் நினைக்கிறேன். அப்படியே கெட்டிருந்தாலும் அதைக் கட்டித் தருகிற ஆள் வேலூர்ப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?

3 மே, இரவு 10.40

கதை விடவில்லை. கம்பி கெடும். ஆனால் நீங்கள் கேட்டதிலும் பாதி நியாயம் இருக்கிறது. சுற்றின் நடுவில் கம்பி தானாக அறுவது அபூர்வம். போவதெல்லாம் முனையில். கம்பி சுற்றியிருக்கிற பாபினிலிருந்து அதன் நுனியை இறக்கி, அடியிலுள்ள உலோகப் பின்னில் இரண்டு மூன்று சுற்றுப் போட்டு ஈயம் வைத்திருப்பார்கள். அந்த மூன்று நான்கு மில்லிமீட்டரில்தான் எல்லாக் கூத்தும்.

கம்பி தலைமுடி கனம். இழுத்துக் கட்டியிருந்தால் செட் சூடாகும்போது ஒரு இழுப்பு, ஆறும்போது ஒரு தளர்வு. நாற்பது வருடம் இப்படி என்றால், அதுவும் நம் ஊர் வெயிலில், ஒரு நாள் விட்டுவிடும். பின்னோரம் சால்டரிங் பேஸ்ட் மிச்சமிருந்தால் ஈரம் சேர்ந்து பச்சை பூக்கும். அந்தக் கம்பியில் டிசி வோல்டேஜும் நின்றால் அரிப்பு இன்னும் வேகம். அப்புறம், சூடான ஈயத்தில் செம்பு கரையும். சீனி தண்ணீரில் கரைகிற மாதிரி இல்லை, ஆனால் கரையும். தடித்த கம்பிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 0.1 மில்லிமீட்டர் கம்பிக்கு, கம்பெனியில் சால்டர் வைத்தவர் இரண்டு விநாடி கூடுதலாக அயர்னை வைத்திருந்தாலே உள்ளே பாதி மெலிந்திருக்கும். அது நாற்பது வருடம் தாங்கியதே அதிசயம்.

ஆகவே கட்டுகிற ஆளைத் தேடுவதை நிறுத்துங்கள். முதலில் முனையைப் பாருங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், வேலூர் சத்துவாச்சாரி. என் அப்பா 1986-ல் வாங்கிய செட்டை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் மூன்று காயில் போயிருக்கின்றன. ஒன்று தானாகப் போனது. ஒன்று எலி. மூன்றாவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இப்போது மனசில்லை. கம்பெனி பெயர் கேட்காதீர்கள், அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

4 மே, காலை 6.15

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. "முனையைப் பாருங்கள்" என்று எழுதிவிட்டேன், பெரியப்பா வீட்டில் யாராவது பின்மூடியைக் கழற்றிக் கையை விட்டால்?

பிளக்கைப் பிடுங்கினாலும் பிக்சர் ட்யூப் ஒரு பெரிய கண்டென்சர். கலர் செட்டில் அந்த ரப்பர் தொப்பிக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடியிருக்கும், மிச்சம் உள்ளே நிற்கும். ட்யூபின் வெளிக் கரிப்பூச்சை ஒட்டிப் போகிற வெற்றுக் கம்பி வலையில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையை நீளமான ஸ்க்ரூடிரைவரில் கட்டி, அதைத் தொப்பிக்கு அடியில் நுழைத்து இறக்க வேண்டும். பட் என்று கேட்கும். சில நிமிடம் விட்டு இன்னொரு தடவை. பவர் பகுதியிலுள்ள பெரிய ஃபில்டர் கண்டென்சர் தனிக் கணக்கு, அதிலும் 300 வோல்ட் நிற்கலாம். அந்தக் காலச் செட் பலவற்றில் சேசிஸே நேராக மெயின்ஸோடு சேர்ந்தது. பிளக்கைத் திருப்பிப் போட்டால் சேசிஸில் டெஸ்டர் எரியும்.

பழக்கமில்லாதவர் திறக்க வேண்டாம். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. ட்யூப் அடித்த அதிர்ச்சியில் கை பின்னால் போய் எனக்குச் சுவரில் முட்டி உடைந்திருக்கிறது.

4 மே, மாலை

காயிலுக்குப் போகுமுன் ஒன்று. கலர் இல்லை என்றால் உடனே காயில் என்று அர்த்தமில்லை. இந்தச் செட்டுகளில் கலர் கில்லர் என்று ஒரு பகுதி உண்டு. வருகிற சிக்னலில் கலர் பர்ஸ்ட், அதாவது ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் வருகிற கலர் அடையாளத் துடிப்பு, போதுமான அளவு இல்லை என்றால் அது கலரையே அணைத்துவிடும். வெறும் கருப்பு வெள்ளை கிடைக்கும்.

வேலூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும், பெயர்தான் தெரியாது. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்தது 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருடம். இங்கிருந்து சென்னை 130 கிலோமீட்டருக்கு மேல். மொட்டை மாடியில் 40 அடி ஜிஐ பைப், மூன்று பக்கமும் ஸ்டே கம்பி, உச்சியில் பூஸ்டர். அப்படியும் காற்றடித்தால் கலர் போய்விடும். அப்பா மேலே ஏறிப் பைப்பைத் திருப்புவார், அம்மா வாசலில் நின்று "வந்துச்சு... போச்சு... வந்துச்சு" என்று ஒலிபரப்புவார். வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியில் முதல் பாட்டு கலரில், இரண்டாவது கருப்பு வெள்ளையில். படமே கருப்பு வெள்ளைப் படமோ என்று தாத்தா கேட்பார். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று ஊரைக் கேலி செய்வார்கள். எங்கள் தெருவில் அதோடு கலர் இல்லாத கலர் டிவியையும் சேர்த்துக்கொண்டோம்.

சரி, விஷயம். முதலில் ஃபைன் ட்யூனிங்கைத் திருப்பிப் பாருங்கள். கலரைச் சுமந்து வருகிற சப்கேரியர் 4.43 மெகாஹெர்ட்ஸில், படத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ட்யூனிங் கொஞ்சம் விலகினாலும் படம் நிற்கும், கலர் ஓடிவிடும். அது சரி என்றால், தெரிந்த மெக்கானிக் கலர் கில்லரைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து பார்ப்பார். கலர் பட்டை பட்டையாக ஓடினால் கலருக்குத் தாளம் தருகிற கிறிஸ்டல் பக்கம் கோளாறு, காயிலைத் தொடாதீர்கள். சுத்தமாகக் கலரே எட்டிப் பார்க்கவில்லை என்றால்தான் குரோமா, அதாவது கலர் சிக்னல், வருகிற வழியில் ஏதோ அறுந்திருக்கிறது.

5 மே

கேள்வி கேட்டவர் இன்று ஒரு தகவல் சொல்லியிருக்கிறார்: காலையில் போட்டவுடன் பத்து நிமிடம் கலர் இருக்கிறதாம், அப்புறம் போய்விடுகிறதாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா! அப்படியானால் முனைதான். 90 சதவீதம் என்று எழுதி அழித்துவிட்டேன், சதவீதம் சொல்ல நான் யார். ஆனால் முனைதான். ஆறியிருக்கும்போது அறுந்த இரண்டு நுனியும் தொட்டுக்கொண்டிருக்கும், சூடானதும் விலகும். தலைமுடி உலர்த்துகிற டிரையரால் காயிலை மூடியிருக்கிற கேன் மேல் மட்டும் சூடு காட்டினால் கலர் போகும். கேன் மேல் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்தால் குளிர்ந்து திரும்பும். ஸ்பிரிட்டைச் செட் அணைத்த பிறகு வையுங்கள், தீப்பிடிக்கும் சாமான்.

6 மே

கேனைத் திறப்பது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

சின்ன அலுமினியப் பெட்டி, போர்டில் இரண்டு காது சால்டர் ஆகியிருக்கும். கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஓட்டை வழியாகத் தெரிகிற கோர் (காயிலின் நடுவே திருகி ஏற்றி இறக்குகிற ஃபெரைட் துண்டு) எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தீக்குச்சி விட்டு அளந்து எழுதி வையுங்கள். ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கேனை மேலே இழுத்தால் வந்துவிடும். உள்ளே பாபின், அடியில் பின்கள். சிலவற்றில் அடிக்குழியில் ஒரு குட்டிக் கண்டென்சர் புதைந்திருக்கும். அது கறுத்திருந்தால் குற்றவாளி காயில் இல்லை.

நகை பார்க்கிற லென்ஸ் வேண்டும். லாங் பஜார் பக்கம் வாட்ச் ரிப்பேர் சாமான் விற்கிற கடையில் வாங்கினேன். அதை வைத்து என் செட்டின் காயிலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கம்பி பின்னுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிட்டது, நுனியில் பச்சைப் பொட்டு. மல்டிமீட்டர் ஓபன் என்று காட்டியதன் மர்மம் அவ்வளவுதான்.

ஒரு சுற்றை மட்டும் பாபினிலிருந்து மெல்லப் பிரித்தால் பின்னை எட்ட நீளம் கிடைக்கும். ஒரு சுற்று குறைந்ததை கோரைத் திருப்பிச் சரிக்கட்டலாம். பிரிக்க மனமில்லை என்றால் அதே கனமுள்ள கம்பித் துண்டு ஒன்றை இணைத்துப் பின்னுக்குக் கொண்டு போகலாம். இழுத்துக் கட்டாதீர்கள், கொஞ்சம் தொய்வு விடுங்கள். முன்னாளில் இழுத்துக் கட்டியதால்தானே இந்த வேலை.

இனாமலை எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். புதுக் கம்பிகளில் பல வகை அயர்ன் சூட்டிலேயே இனாமல் உருகி ஈயம் பிடிக்கும். பழையது பிடிக்காது. பிளேடால் சுரண்டினால் கம்பியும் சேர்ந்து போகும். ரொம்ப நைசான உப்புத்தாளை மடித்து நடுவில் கம்பியை வைத்து இரண்டு தடவை இழுத்தால் போதும். ஆஸ்பிரின் மாத்திரை மேல் கம்பியை வைத்து அயர்னால் அழுத்தினால் இனாமல் கரையும் என்பார்கள். உண்மைதான், செய்திருக்கிறேன். அந்தப் புகை மூக்கில் ஏறினால் கண், தொண்டை எல்லாம் எரியும், அரை மணி நேரம் இருமினேன். உப்புத்தாளே உத்தமம்.

ஈயம் வைக்கும்போது தொட்டோம் எடுத்தோம் என்று இருக்க வேண்டும்.

7 மே

வாலாஜாவிலிருந்து ஒருவர்: "முழுக்கப் பிரிந்துபோன காயிலில் 40 சுற்று இருந்தது. என்னிடம் 30 சுற்றுக்குத்தான் கம்பி இருக்கிறது. போதுமா?"

போதும். கோரை உள்ளே இறக்கினால் சரியாகிவிடும்.

9 மே

மேலே 7-ஆம் தேதி எழுதியது தவறு. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

இன்டக்டன்ஸ் சுற்றுக்கு நேர்விகிதம் இல்லை, சுற்றின் வர்க்கத்துக்கு விகிதம். இதைப் பல வருடம் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு ஆம்பூரில் கல்யாணம், பிரியாணி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பதில் எழுதினேன். முக்கால் பங்குச் சுற்று என்றால் இன்டக்டன்ஸ் முக்காலின் வர்க்கம், அதாவது 0.56. கிட்டத்தட்டப் பாதி போச்சு. 4.43 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைய வேண்டியது 5.9-க்குப் போய்விடும். எந்தக் கோரும் அதை இழுத்து வராது. உதாரணத்துக்கு, கூட இருக்கிற கண்டென்சர் 120 பிகோஃபாரட் என்றால் 10.7 மைக்ரோஹென்றி வேண்டும். பத்துச் சுற்று திருடினால் அது 6 ஆகிவிடும்.

வாலாஜா நண்பர் அதற்குள் சுற்றியே முடித்துவிட்டாராம். மன்னிக்கவும். இன்னும் பத்துச் சுற்றுக்குக் கம்பியை நான் தருகிறேன், சத்துவாச்சாரி வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பி கனம் தெரியாதவர்களுக்கு: பென்சில் மேல் 20 சுற்று நெருக்கமாகச் சுற்றி ஸ்கேல் வைத்து அளந்து 20-ஆல் வகுத்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் வந்தால் ஒரு கம்பி 0.15, அதாவது ஏறக்குறைய 38 கேஜ். இனாமல் கனமும் சேர்ந்து வரும் என்பதால் கொஞ்சம் மெல்லிசாகவே எண்ணிக்கொள்ளுங்கள். அதைவிட மெல்லிய கம்பிக்குக் கெட்டுப்போன ரிலே ஒன்றைப் பிரிக்கலாம்.

13 மே

கொசப்பேட்டையில் எனக்குத் தெரிந்த வைண்டிங் கடை பாயிடம் போன வருடம் இதே மாதிரி ஒரு காயில் கேனைக் கொண்டு காட்டியிருக்கிறேன். விவசாய மோட்டாரும் சீலிங் ஃபேனும்தான் அவருக்குத் தொழில். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, கம்பியா முடியா? ஃபேனுக்கு 36 கேஜ் சுத்துறதுக்கே எனக்குக் கண்ணு வலிக்கும். இது அதுக்கும் பேரன் மாதிரி கீதே."

கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒரு யோசனை சொன்னார், அதற்கு நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்: ஃபேன் காயில் பிரிக்கும்போது எண்ணிக்கையை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது, பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைக்க வேண்டும். எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று முதல் கொட்டைக்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். கொட்டை இல்லாதவர் தாளில் கோடு போடலாம், ஆனால் கொட்டை காற்றில் பறக்காது.

எலிக் கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பிக்சர் ட்யூபைச் சுற்றி மாலை போட்ட மாதிரி ஒரு பெரிய காயில் போகும், டிகாஸிங் காயில். ஸ்விட்ச் போட்டதும் ஊம் என்று ஒரு கணம் கேட்கிறதே, அது இதுதான். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் கரண்டை முதலில் நிறைய விட்டு, சூடேறினால் தடை கூடுகிற போசிஸ்டர் என்ற பாகம் சூடாக ஆகக் குறைத்துக்கொண்டே வந்து, ட்யூபின் உள்ளே இருக்கிற மெல்லிய இரும்புத் தகட்டில் ஏறிய காந்தத்தைத் துடைத்துவிடும். எலி அதைக் கடித்துவிட்டது. திரையின் ஒரு மூலை பச்சை, ஒரு மூலை ஊதா, செய்தி வாசிக்கிறவர் மஞ்சள்காமாலை வந்தவர் மாதிரி. பிக்சர் ட்யூபே போச்சு என்றார்கள். நான் பயந்து அடுத்த மாதச் சம்பளத்தைக் கணக்குப் போட்டுவிட்டேன். கடித்த இடத்தில் எட்டுக் கம்பி அறுந்திருந்தது. எதோடு எதைச் சேர்ப்பது என்று ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. தப்பாகச் சேர்த்தால் சில சுற்று எதிர்ப்பக்கம் ஓடும், அல்லது தனியே வளையமாகி ஷார்ட் ஆகும். சில செட்டில் இந்தக் காயில் அலுமினியக் கம்பி, ஈயம் பிடிக்காது, அழுத்திப் பிடிக்கிற கனெக்டர்தான். என்னுடையது செம்பு. இணைத்து ஸ்லீவ் போட்டதும் மஞ்சள்காமாலை போய்விட்டது.

14 மே

யோக், அதாவது ட்யூபின் கழுத்தில் மாட்டியிருக்கிற, படத்தைத் திரை முழுக்க விரிக்கிற காயில், போயிருக்குமா என்று கேட்டவருக்கு: திரை நடுவில் படுக்கையாக ஒரே ஒரு வெளிச்சக் கோடு என்றால், படத்தை மேலும் கீழும் விரிக்கிற வெர்ட்டிகல் பகுதியில் கோளாறு. யோக் காயிலும் இருக்கலாம், ஐசியும் இருக்கலாம், ஐசியை முதலில் பாருங்கள். அந்தக் கோட்டோடு செட்டை ஓட விடாதீர்கள், பாஸ்பர் எரிந்து தழும்பு நிற்கும். யோக்கைக் கழுத்திலிருந்து அசைக்காதீர்கள். ரப்பர் ஆப்பு மூன்றும் இருக்கிற இடத்தில் மார்க்கர் கோடு போடாமல் கழற்றினால் மூன்று வண்ணமும் மூன்று திசைக்குப் போய்விடும். மறுபடி சேர்ப்பதற்குள் தலை நரைக்கும். எனக்கு ஏற்கெனவே நரைத்திருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

21 மே

குடியாத்தம் போய்வந்தேன். அக்னி நட்சத்திரத்தில் காட்பாடியில் ரயில் ஏறுவது என்ன புத்தியோ. கேள்வி கேட்டவர் ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுவந்திருந்தார். பெரியப்பாவுக்கு 84 வயது. நான் கேனைக் கழற்றுகிறவரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "தம்பி, அதை ஒடைச்சிடாதே" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொன்னார். எனக்கு 63.

முனைதான். குரோமா கேன், இடது ஓரப் பின், பச்சைப் பொட்டு. ஒரு சுற்றுப் பிரித்து, உப்புத்தாள் போட்டு, தொட்டெடுத்து, மூடினேன். மொத்தம் 40 நிமிடம். அதில் பாதி, லென்ஸை எங்கே வைத்தேன் என்று தேடியது.

கலர் வந்தது, ஆனால் முகத்தில் ஜன்னல் பிளைண்ட் மாதிரி படுக்கைக் கோடுகள். இதற்கு ஹனோவர் பட்டை என்று பெயர். நம் செட்டுகளின் கலர் ஒளிபரப்பு முறையான பால் (PAL) முறையை உருவாக்கிய வால்டர் புருக் டெலிஃபுங்கன் கம்பெனிக்காக வேலை செய்த ஜெர்மன் ஊர் அது. ஒரு கோட்டின் கலரை 64 மைக்ரோவிநாடி பிடித்து வைத்து அடுத்த கோட்டோடு கலப்பதற்குச் செட்டுக்குள் கண்ணாடி டிலே லைன் ஒன்று இருக்கும். அதன் ஓரத்துக் காயிலும் ப்ரீசெட் என்ற சின்னத் திருகும் இத்தனை வருடத்தில் விலகியிருந்தன. பிளாஸ்டிக் குச்சியால் கால் சுற்று. கோடு மறைந்தது.

பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இந்த ஷட்டரை மூட முடியலையே, அதையும் பாக்கறியா?" என்றார். ஷட்டருக்குச் சோப்புத் தடவிக் கொடுத்தேன்.

22 மே

பிளாஸ்டிக் குச்சி என்றேன், ஏன் என்று ஒருவர் கேட்கிறார். ஃபெரைட் கோர் பிஸ்கட் மாதிரி. இரும்பு ஸ்க்ரூடிரைவர் விட்டுத் திருப்பினால் பிளந்து உள்ளேயே ஆப்பு மாதிரி இறுகும். அதோடு, இரும்பு பக்கத்தில் இருக்கிறவரை ட்யூனிங்கும் மாறியிருக்கும், எடுத்ததும் வேறாகும். கோர் மெழுகில் ஒட்டியிருந்தால் டிரையரால் கேனைச் சூடாக்கிவிட்டுத் திருப்புங்கள். நைலான் பின்னல் ஊசியை அரத்தால் தேய்த்தால் நல்ல குச்சி கிடைக்கும். என் மனைவியைக் கேட்காமல் எடுத்தது, அது வேறு பஞ்சாயத்து.

29 மே

மூன்றாவது காயில். சொல்லிவிடுகிறேன், குடியாத்தத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை உறுத்துகிறது.

இந்தச் செட்டுகளில் ஏவி ஓட்டை கிடையாது, ஆன்டெனா ஓட்டைதான். செட்டாப் பாக்ஸைச் சேர்க்க, அதன் படத்தையும் ஒலியையும் ஆன்டெனா சிக்னலாக மாற்றுகிற ஆர்எஃப் மாடுலேட்டர் வேண்டும். ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். படம் வந்தது, கலர் வந்தது, ஒலி இல்லை, வெறும் இரைச்சல். நம் முறையில் ஒலி 5.5 மெகாஹெர்ட்ஸில் வரும், அதற்கென்று ஒரு காயில் உண்டு. கலர் காயில் முனை போயிருந்த செட் அல்லவா, இதுவும் போயிருக்கும் என்று முடிவே செய்துவிட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஓபன் இல்லை. அப்படியும் விடவில்லை. உள்ளே சுற்றுக்குச் சுற்று ஷார்ட் என்று ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். கோரை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் திருப்பினேன், பிளந்தது. பிறகு காயிலையே பிரித்து, வேறு கம்பியால் சுற்றி, வேறொரு செட்டின் கோரைப் போட்டு மூன்று வாரம் போராடினேன். ஒலி வரவே இல்லை.

மாடுலேட்டர் 4.5 மெகாஹெர்ட்ஸில் ஒலி அனுப்புகிற அமெரிக்க முறைச் சாமான். கலரின் மேல் முதல் நாளிலிருந்தே நெளிநெளியாக மெல்லிய கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. 4.5-ம் 4.43-ம் உரசுவதுதான் அது. கண் முன்னாலேயே இருந்தது. நம் முறையில் ஒலி அனுப்புகிற, மைத்துனர் வீட்டுப் பழைய விசிஆரைக் கொண்டுவந்து சேர்த்த அன்றைக்கு ஒலி வந்தது. கரகரவென்று, என் சுற்றுக்கணக்கின் லட்சணத்தோடு.

பிரித்தெடுத்த அசல் கம்பி இன்னும் மேசை டிராயரில் ஒரு மாத்திரை டப்பாவில் சுருளாகக் கிடக்கிறது. நேற்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு முனையும் பளபளவென்று இருக்கின்றன.